பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கணிதத்தில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தமிழில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் அதை இன்னும் குறுக்கிக்கொண்டேன். ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்த எண் 2,93,31,86,25,600. வாய்விட்டுச் சொன்னால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. அழைப்பிதழில் ராமானுஜன் பெயரைப் பார்த்துவிட்டு, 1729 என்ற டாக்சி எண் வரும், அவருடைய கேம்பிரிட்ஜ் வழிகாட்டி ஹார்டி வருவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹார்டி மட்டும் வருவார். 1729க்கு மொத்தம் 8 காரணிகள். உங்கள் வீட்டுக் கடிகாரம் ஒரு நாளைக்குக் காட்டும் 24 மணி நேரத்தில் இருக்கும் 24க்கும் அதே 8 காரணிகள். இன்றைய கணக்கில் 1729ஐ விட 24தான் கெட்டிக்கார எண்.

ஓர் எண்ணைப் பெரிது என்று சொல்ல இரண்டு வழி உண்டு. இலக்கங்களை எண்ணுவது ஒரு வழி. அதில் சுவாரஸ்யம் இல்லை. எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் கூட ஒன்று சேர்த்து அதைத் தோற்கடித்துவிடலாம். அந்த எண்ணை எத்தனை விதமாக மீதியில்லாமல் பங்கு போடலாம் என்று பார்ப்பது மற்றொரு வழி. நம் முன்னோர் புழங்கிய அளவுகளில் இந்த இரண்டாவது பார்வைதான் இருந்தது. ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். ஜோதிடர் போடும் தசைகளின் மொத்தம் 120 ஆண்டு. வட்டத்துக்கு 360 பாகை. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. மூன்று பேர் ஒரு ரூபாயைப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்தணா நாலு தம்பிடி, சண்டையே இல்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி புதிய காசு வந்தது. அன்றிலிருந்து அதே மூன்று பேர் ஆளுக்கு 33 காசு எடுத்துக்கொண்டு மீதி ஒரு காசை யாருக்குக் கொடுப்பது என்று விழிக்க வேண்டியதாயிற்று. 192க்கு 14 காரணிகள், 100க்கு 9தான்.

இப்போது சொன்ன எண்களில் 24, 48, 60, 120, 360 ஆகிய ஐந்துக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் தனக்கு இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. 60க்கு 12 காரணிகள். 1 முதல் 59 வரை எதற்கும் 12 கிடையாது. 48க்கு 10; அதற்குக் கீழே எதற்கும் 10 இல்லை. இப்படிப்பட்ட எண்களை உயர் பகு எண்கள் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று வரிசை போகும். உடனே யாரும் எழுந்து, நம் முன்னோருக்கு இந்தக் கோட்பாடு முன்பே தெரியும் என்று சொல்லிவிட வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்தது பங்கு போடுவது. நன்றாகப் பங்கு போடக்கூடிய எண் புழக்கத்தில் நிலைத்தது. கோட்பாடு பிறகு வந்தது. கிரேக்கத்தில் பிளேட்டோவும் ஒரு நல்ல ஊருக்கு 5,040 குடும்பங்கள் இருக்கலாம் என்று எழுதினார். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் என்பதே அவர் சொன்ன காரணம். 5,040உம் உயர் பகு எண்தான். இந்த 5,040ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கோயில் ஊரில் நின்றுகொண்டு பேசுகிறேன், 108ஐயும் 1008ஐயும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. வடைமாலை 108, அர்ச்சனை 1008. இவை உயர் பகு எண்களா? இல்லை. ஏன் இல்லை என்று பார்ப்பதிலேயே ராமானுஜன் கண்ட விதிகளில் இரண்டு அடங்கியிருக்கின்றன. ஆகவே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம்.

108ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2² × 3³. இதன் காரணி ஒவ்வொன்றும் சில இரண்டுகளையும் சில மூன்றுகளையும் எடுத்துப் பெருக்கியதுதான். இரண்டை எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம்: 3 வழி. மூன்றை எடுக்க 4 வழி. ஆக 3 × 4 = 12 காரணிகள். இப்போது அடுக்குகளை மாற்றிப் போடுங்கள்: 2³ × 3² = 72. வழிகள் 4 × 3, மறுபடியும் அதே 12. காரணிகளின் எண்ணிக்கை குறையவில்லை, எண் மட்டும் 108இலிருந்து 72ஆகச் சிறுத்துவிட்டது. சிறிய பகா எண்ணுக்குச் சிறிய அடுக்கும் பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கும் இருந்தால் எப்போதும் இப்படித் தோற்கத்தான் வேண்டும். உயர் பகு எண்ணில் 2இன் அடுக்கு 3இன் அடுக்குக்குக் குறையக் கூடாது. 3இன் அடுக்கு 5இன் அடுக்குக்குக் குறையக் கூடாது. இப்படியே இறங்கு வரிசையில் போக வேண்டும்.

1008க்கு வேறு குறை. 1008 = 2⁴ × 3² × 7. அடுக்குகள் ஒழுங்காக இறங்குகின்றன. ஆனால் நடுவில் 5ஐக் காணோம். 7 இருந்த இடத்தில் 5ஐ உட்கார வையுங்கள்: 2⁴ × 3² × 5 = 720. இரண்டுக்கும் 5 × 3 × 2 = 30 காரணிகள்தான். சிறியதான 720 ஜெயித்தது. இடையில் ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போகக் கூடாது என்பது இரண்டாவது விதி. அண்ணாமலையார் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் 1000க்கும் இதே கதிதான். 2³ × 5³, நடுவில் 3 இல்லை, 16 காரணிகள். அதே 16 காரணிகள் 120க்கே கிடைத்துவிடுகின்றன. 108க்கும் 1008க்கும் இருக்கும் மங்கலத்தை இது எந்த வகையிலும் குறைக்காது. அர்ச்சனைக்கு வந்தவர் பங்கு பிரிக்க வரவில்லை.

இந்த இரண்டு விதிகளும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். மூன்றாவதைப் பெயருக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். உயர் பகு எண் ஒன்றில் கடைசியாக வரும் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1தான்; விதிவிலக்கு 4, 36 இரண்டு மட்டுமே. இதை நிரூபிப்பது விளையாட்டல்ல. இன்னொன்று, வரிசையில் மேலே போகப் போக அடுத்தடுத்த இரு உயர் பகு எண்களின் விகிதம் 1ஐ நெருங்கிக்கொண்டே போகும். இதையெல்லாம் நிரூபித்து அச்சிட்டவர் ராமானுஜன், ஆண்டு 1915.

அந்த 1915க்குப் போகும் முன் இங்கிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருக்கோயிலூருக்குப் போய்வர வேண்டும். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் ரயில் திருக்கோயிலூர் வழியாகத்தான் திருவண்ணாமலைக்கு வருகிறது. 1910இல் திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். அப்போது திருவண்ணாமலையும் திருக்கோயிலூரும் ஒரே தென்னார்க்காடு ஜில்லா. வருவாய்த் துறை அதிகாரியான அவருக்குக் கணிதத்தில்தான் உயிர். 1907இல் ஆந்திரத்தின் குத்தி என்ற ஊரில் வேலை பார்த்தபோது இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாத, கல்யாணமாகி வேலையில்லாமல் இருந்த 22 வயது ராமானுஜன், நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரைத் தேடி வந்தார். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை.

ராமசாமி ஐயர் நோட்டுகளைப் புரட்டினார். வேலை கொடுக்கவில்லை. தாலுகா ஆபீஸில் கடைசிப் படியில் உட்கார வைத்து அந்தத் திறமையை நசுக்கிவிட மனம் ஒப்பவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து கணிதப் பேராசிரியர் பி.வி. சேஷு ஐயர், அவரிடமிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், அங்கிருந்து மாதம் 25 ரூபாய் உதவி, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை, 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல். ஒரு வேலையை மறுப்பதும் உதவியாக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் மறுத்துவிட்டு நாலு கடிதம் எழுதும் அதிகாரி வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. அந்தச் சூழலில் அவர் எழுதிய நீண்ட கட்டுரைதான் உயர் பகு எண்கள் பற்றியது. லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் 1915இல் வந்தது. 347ஆம் பக்கம் தொடங்கி 409இல் முடியும், ஆக 63 பக்கம். முதன்மையாக இந்த ஆராய்ச்சியை வைத்துத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழி பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது, பங்கு பிரிக்க வசதியான எண் எது என்ற கேள்வி.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. 102 உயர் பகு எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் காரணிகளின் எண்ணிக்கையும் பகாக் காரணிகளும். கடைசி வரியில் இருப்பது 67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. சற்றுமுன் பார்த்த விதிகளை இதில் சரிபாருங்கள்: அடுக்குகள் 6, 4, 2, 2, பிறகு எல்லாம் 1, இறங்கித்தான் வருகின்றன. 2 முதல் 23 வரை ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. கடைசி அடுக்கு 1. காரணிகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இது மீதியில்லாமல் போகும். 29இல்தான் முதன்முதலாக முட்டிக்கொள்ளும். இடையில் ஒரு வேடிக்கை. நாம் தீபம் ஏற்றும் இந்த மலையின் உயரம் 2,668 அடி என்று பல புத்தகங்களில் இருக்கும். அதைப் பிரித்தால் 2² × 23 × 29. ராமானுஜனின் கடைசி எண்ணில் கடைசியாக வரும் பகா எண்ணும், அது முதலில் முட்டிக்கொள்ளும் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அடி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த அளவு. ஆகவே இதில் மகிமை எதுவும் தேட வேண்டாம். கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகள் முகம் மலர இது உதவும், அவ்வளவுதான்.

இந்த அட்டவணையை எப்படிப் போட்டிருப்பார்? 1இலிருந்து ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துக்கொண்டே போவது என்றால், நொடிக்கு ஓர் எண் வீதம் சாப்பாடு தூக்கம் இல்லாமல் பார்த்தாலும் கடைசி வரியை எட்ட இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். விதிகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. அடுக்கு இறங்கு வரிசையில் இருக்க வேண்டும், பகா எண் விடுபடக் கூடாது என்ற இரண்டு சல்லடைகளையும் தாண்டி வருபவை மிகக் கொஞ்சம். அவற்றைச் சிறியது பெரியதாக அடுக்கி, காரணிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பார்த்து, முந்தைய சாதனையை முறியடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கொஞ்சம் என்று சொன்னேனே தவிர, பதின்மூன்று இலக்க எண்களைக் கையால் பெருக்கி ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலை அது. சென்னையில் காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டிருந்தவர் ராமானுஜன். அந்தப் பழக்கம் உள்ளவர் செய்த அட்டவணை இது.

இனி நான் முதலில் சொன்ன எண்ணுக்கு வருகிறேன். 2,93,31,86,25,600. பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 5,040. இது உயர் பகு எண். வரிசைப்படி ராமானுஜனின் அட்டவணையில் இருக்க வேண்டும். இல்லை. அதிலுள்ள 102 எண்களுக்கு இடையில் இந்த ஒன்று விடுபட்டுப் போயிற்று.

கடைசி வரியின் பகாக் காரணிகளை மறுபடி பாருங்கள். விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அதுதான் கடைசி எண். கடைசி வரியின் வயிற்றுக்குள்ளேயே விடுபட்டவன் உட்கார்ந்திருக்கிறான். அவனைத்தான் ராமானுஜன் கவனிக்கவில்லை.

இன்னொரு அழகும் உண்டு. விடுபட்ட எண்ணின் காரணிகள் 5,040 என்றேன். 5,040உம் உயர் பகு எண். அதன் காரணிகள் எத்தனை? 5,040 = 2⁴ × 3² × 5 × 7; ஆகவே 5 × 3 × 2 × 2 = 60. அறுபதும் உயர் பகு எண். அதன் காரணிகள் 12, அதுவும் அப்படியே. பிறகு 6, பிறகு 4. நான்கின் காரணிகள் மூன்று. சங்கிலி அங்கேதான் அறுகிறது. இருபத்தொன்பதாயிரம் கோடிக்கு மேலே இருக்கும் ஓர் எண்ணிலிருந்து இறங்கினால் ஒரே தாவலில் பிளேட்டோவின் ஊர், அடுத்த தாவலில் நம் நாழிகைக் கணக்கு. கடைசி வரியின் 10,080உம் உயர் பகு எண்தான், ஆனால் அதன் காரணிகள் 72. அங்கேயே சங்கிலி நின்றுவிடுகிறது. காரணிகளின் எண்ணிக்கையும் உயர் பகு எண்ணாக வாய்த்தவை மிகச் சிலதான் இதுவரை தெரிய வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் அட்டவணை தவறவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? குறை கண்டுபிடிக்க அல்ல. ராமானுஜனைப் பற்றி நம் ஊர்களில் ஒரு கதை ஊறிப்போயிருக்கிறது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை எழுதிக் காட்டினாள், விழித்ததும் அவர் எழுதிக்கொண்டார் என்று. தாயார் மேல் அவருக்கு இருந்த பக்தி உண்மை. அதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். அதில் கைவைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் நாம் அந்தக் கதையைச் சொல்லும் விதத்தில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. அருள் கிடைத்தது, அதனால் வந்தது என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் உட்கார்ந்து போட்ட கணக்கையெல்லாம் நாம் பார்க்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளும் போட வேண்டியதில்லை. அவர்களுக்கு அருள் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே! தாயார் எழுதிக் கொடுத்த பட்டியலாக இருந்தால் ஒன்று விடுபட்டிருக்காது. விடுபட்டிருக்கிறது என்பதே அது ஒரு மனிதர் கையால் போட்ட கணக்கு என்பதற்குச் சாட்சி. விடுபட்ட அந்த ஒன்றைவிட, விடாமல் பிடித்த 102தான் என்னை மலைக்க வைக்கிறது.

கட்டுரையின் மற்றொரு பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக ராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார். அந்தக் கையெழுத்துப் படி கேம்பிரிட்ஜில் கிடந்தது. 1988இல் அவருடைய காணாமற்போன நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து நகலாக அச்சானது. பிரான்ஸைச் சேர்ந்த ழான் லூயி நிக்கோலா, கீ ரோபேன் என்ற இரு கணித அறிஞர்கள் அதைச் சீர்படுத்தி, குறிப்புகளோடு 1997இல் ராமானுஜன் பெயரிலான ஆய்விதழில் வெளியிட்டார்கள். எழுதி எண்பது ஆண்டுக்குப் பிறகு.

நிறுத்திவைத்த அந்தப் பகுதியில் காரணிகளின் எண்ணிக்கையோடு நிற்காமல், காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாக முடியும் என்றும் ராமானுஜன் கேட்டிருக்கிறார். 6க்குக் காரணிகள் 1, 2, 3, 6, கூட்டினால் 12. 5,040க்கு அறுபது காரணிகளையும் கூட்டினால் 19,344. இந்தக் கூட்டுத்தொகைக்கு ஓர் எல்லைக்கோடு போடலாம். எண்ணுக்கு இயல் மடக்கை எடுத்து, அந்த மடக்கைக்கு மறுபடி மடக்கை எடுத்து, அதை அந்த எண்ணாலேயே பெருக்கி, பிறகு 1.781 என்று தொடங்கும் ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். 5,040க்கு இந்தக் கோடு ஏறக்குறைய 19,237இல் விழுகிறது. காரணிகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டிவிட்டது. இப்படித் தாண்டுவதாக இதுவரை தெரிந்த எண்கள் 27 மட்டுமே. 2இல் தொடங்கும் அந்த வரிசையில் 12, 24, 36, 48, 60, 120, 360 என்று நமக்குப் பழகிய முகங்கள் எல்லாம் உண்டு. கடைசி ஆள் 5,040.

5,040க்கு மேலே எந்த எண்ணும் இந்தக் கோட்டைத் தாண்டாது என்று யாராவது நிரூபித்துவிட்டால், கணிதத்தின் மிகப் பெரிய தீராத கேள்வியான ரீமன் கருதுகோள் உண்மை என்று நிரூபித்ததாகும். ஒரே ஓர் எண் தாண்டினாலும் அந்தக் கருதுகோள் பொய். இரண்டும் ஒன்றே என்பதை 1984இல் நிறுவியவர் அதே ரோபேன். ரீமன் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் போதிய அளவு பெரிய எண்கள் எதுவும் கோட்டைத் தாண்டாது என்பது, ராமானுஜன் நிறுத்திவைத்த அந்தப் பக்கங்களிலேயே அடங்கியிருந்தது. 1859இல் ரீமன் முன்வைத்தது இன்றுவரை தீரவில்லை. தீர்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2000இல் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. அதை எட்டிப்பார்க்கும் ஒரு சன்னலை 1915இலேயே ஒருவர் திறந்திருந்தார்; அச்சுக்கூலி இல்லாமல் அதை மூடி வைக்க வேண்டியதாயிற்று.

உயர் பகு எண்கள் பற்றிய இந்தக் கட்டுரையை ஹார்டி கணிதத்தின் பிரதான ஓட்டத்தில் சேர்த்துப் பார்க்கவில்லை. சமனின்மைகளைக் கையாளும் ராமானுஜனின் திறத்தை மட்டும் வாயாரப் புகழ்ந்தார். பொருளை ஓரத்துக் குட்டை என்று எண்ணினார். பெரிய ஆசிரியர்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கணிப்பு சரியில்லை என்றே நான் சொல்வேன். 1944இல் அலாவோகுலுவும் எர்டூஷும் இந்த எண்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பிறகு நிக்கோலா, ரோபேன். ஓரத்துக் குட்டை என்று நினைத்த தண்ணீர் ரீமன் கருதுகோள் வரை போகிறது.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 22 தேசிய கணித நாள். அன்றைக்குப் பள்ளிகளில் ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு, 1729ஐயும் டாக்சியையும் சொல்லி, பேச்சுப் போட்டி வைத்துக் கலைகிறோம். இந்த ஆண்டு ஒரு மாறுதல் செய்து பாருங்கள். ராமானுஜனின் கட்டுரைகளைத் திரட்டி 1927இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட தொகுப்பில் அந்த 102 எண்களின் அட்டவணை இருக்கிறது. அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவர் திருக்கோயிலூர்க் கடிதம் போய்ச் சேர்ந்த அதே சேஷு ஐயர். அந்த அட்டவணையை நகலெடுத்து மாணவர்களிடம் கொடுங்கள். 108 ஏன் இதில் இல்லை, 1008 ஏன் இல்லை என்று முதலில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு, இதில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது, தேடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எது என்று சொல்லாதீர்கள். இன்று நான் சொன்னதையும் மறைத்துவிடுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். பென்சிலும் தாளும் போதும். கணினியைக் கடைசி நாளில், விடையைச் சரிபார்க்க மட்டும் திறக்கலாம்.